யாரும் கூப்பிடாத மேடு

நோரெலி படிப்படியாக மேலே போனதைப் பக்கத்து வீட்டுச் சன்னல் வழியாகவும் பார்த்திருக்கிறேன், மேயர் அலுவலகத்தில் காப்பித் தட்டும் கையுமாக நின்றும் பார்த்திருக்கிறேன். அதனால் அவளைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். என் பெயர் ஒர்ஃபிலியா. அந்தக் கட்டடத்தில் பெரிய மேசை வைத்திருக்கிற எல்லோரும் டாக்டர்தான். ஊசி போடத் தெரிய வேண்டாம், மேசை இருந்தால் போதும். நான் வெறும் தோன்யா ஒர்ஃபி, அதாவது ஒர்ஃபி அம்மா. காலையில் பானை நிறையக் கருப்புக் காப்பி போட்டு, சின்னக் கோப்பைகளில் ஊற்றி, மாடி மாடியாக ஏறி இறங்குவது என் உத்தியோகம்.

நோரெலியும் முதலில் டாக்டர் இல்லை. புகார்ப் பிரிவில் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்த பெண். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று ஊரே அவள் காதில் திட்டும். மற்றவர்கள் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவளுக்கு மட்டும் ஒரே குழாய் ஏன் மாதா மாதம் உடைகிறது என்று தெரிந்தாக வேண்டும். சாயங்காலக் கல்லூரியில் பொது நிர்வாகம் படித்தாள். சமையலறையில் பயறு வேகிற நேரத்தில் பாடம் படிப்பாள், பயறு தீய்ந்துபோகும், அவள் புருஷன் வில்மார் முணுமுணுக்காமல் தின்பான். ஊர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வண்ண ஊசிகள் குத்தினாள். பழைய மேயர் சிரித்தார். புதிதாக வந்த மேயர் சின்ன வயசுக்காரர், வெளிநாட்டில் படித்தவர். அந்த ஊசிகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது. இலக்கு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்து, அவளைத் தலைவியாக உட்காரவைத்தார்.

அன்றிலிருந்துதான் திங்கட்கிழமைக் கூட்டம். எல்லாத் துறைச் செயலாளர்களும் நீள மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு துறைக்கும், ஒவ்வொரு பேட்டைக்கும் நிறம். இலக்கை எட்டினால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், தவறினால் சிவப்பு. சிவப்பு வாங்கினவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். காப்பி கொடுப்பதிலும் மேயர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பச்சைக்காரர்களுக்கு முதலில் ஊற்ற வேண்டும்; சிவப்பு வாங்கினவருக்கு, அவர் பதில் சொல்லி முடித்து உட்கார்ந்த பிறகு. வயதான ஆட்களெல்லாம் ஆறின காப்பியைக் குனிந்த தலையோடு குடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஊர் மாறியது. குப்பை வண்டி வந்தது. மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியைத் தொட்டார்கள். அதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும்.

மலைச்சரிவு வாய்க்கால் கணக்குதான் நோரெலிக்குப் பெருமை. எங்கள் ஊரே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். மழைத் தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் மண் நகரும். வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்று யாராவது போன் செய்தால் அந்தப் புகாருக்கு ஒரு எண் கொடுப்பார்கள். இரண்டு நாளுக்குள் ஆட்கள் போய்ச் சுத்தம் செய்து எண்ணை முடிக்க வேண்டும். முடித்தால் பச்சை. அந்த ஆட்களுக்கு மேஸ்திரி யார் என்றால், வில்மார். வீட்டில் அவளுக்குத் தட்டு வைக்கிறவன், திங்கட்கிழமை அவள் திரையில் நிறமாக வருகிறவன்.

அதற்கு முன்னால் வேறு மாதிரி நடக்கும். மழை பிடிக்கிறதுக்கு முந்தின மாதம், யாரும் கூப்பிடாமலே, வில்மாரும் ஆட்களும் ஒவ்வொரு சரிவிலும் உச்சியிலிருந்து அடிவரை வாய்க்காலோடு நடப்பார்கள். புல்லை வெட்டுவார்கள், மண்ணை அள்ளுவார்கள், போகிற வழியில் யார் வீட்டிலாவது வெல்லத் தண்ணீர் குடிப்பார்கள். இந்த நடைக்குப் புகார் எண் கிடையாது. எண் இல்லாததால் திரையில் வராது. திரையில் வராததால், பொதுப்பணிச் செயலாளர் டாக்டர் எச்செவெரி கண்ணுக்கு அது ஊர் சுற்றுவதாகத் தெரிந்தது. எண் இல்லாத வேலை வேலையே இல்லை என்று நிறுத்திவிட்டார். நோரெலியும் தலையாட்டினாள். வில்மார் சாப்பாட்டு நேரத்தில் ஓரிரு தடவை முனகினான். அவள் கேட்டது மாதிரியும் கேட்காத மாதிரியும் இருந்தாள். அப்புறம் அவனும் விட்டுவிட்டான்.

இந்த வருஷம் மழை நின்று பெய்தது. காலையில் தூறல், மத்தியானம் கொட்டல், ராத்திரி மறுபடி தூறல். துணி காயவில்லை, ரொட்டி பூசணம் பூத்துப்போனது. நனைந்த நாய் நாற்றம் எல்லார் வீட்டிலும். அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது: வருகிற திங்கட்கிழமை கவர்னர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து கூட்டத்தைப் பார்க்கப் போகிறார்கள், பிடித்துப்போனால், இதே முறையை மாகாணம் முழுக்கக் கொண்டுபோக நோரெலியை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். தெருவே பேசியது. அவள் நீல நிறத்தில் ஒரு கோட்டு வாங்கி, உறையோடு அலமாரியில் மாட்டிவைத்திருந்தாள். எனக்கு இரண்டு தடவை காட்டினாள்.

வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில் நோரெலி வீட்டுக் குக்கரைக் கடன் வாங்கப் போயிருந்தேன். வில்மார் முட்டி வரைக்கும் மண்ணோடு வந்து, காலைக்கூடக் கழுவாமல் மேசையில் உட்கார்ந்தான். அவன் அப்படி உட்காருகிறவன் இல்லை. கீழ்ச்சாலையில் ஒரு அம்மாள் முற்றத்துக்குள் சேற்றுத் தண்ணீர் வருகிறது என்று போன் செய்திருக்கிறாள். இவன் போய் முற்றத்தைச் சுத்தம் செய்திருக்கிறான். எண் முடிந்தது. ஆனால் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று இவனுக்கு மனசு கேட்கவில்லை. ஏறிப் பார்த்திருக்கிறான்.

"துராஸ்னோ மேட்டு வாய்க்கால் இல்ல, நோரெ," என்றான்.

"இல்லன்னா? அடைச்சிருக்கா?"

"இல்லவே இல்ல. மண்ணு மூடி, அதுக்கு மேல வாழை நிக்குது. குலை தள்ளியிருக்கு. மேலேர்ந்து வர தண்ணி பூரா மேட்டுக்குள்ளதான் இறங்குது. கீழ்ச்சாலையில ஓரம் உப்பிக்கிட்டு வருது."

நோரெலி கணினியைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். துராஸ்னோ மேடு பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, கரும்பச்சை. இரண்டு வருஷமாக அங்கேயிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. புகாரே இல்லாத பேட்டைக்கு அந்த நிறம் கொடுக்க வேண்டும் என்று சொன்னவள் இவள்தான். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். கணினியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"ஏன் யாருமே கூப்பிடல?" என்று கேட்டாள். அவனைக் கேட்டாளா, என்னைக் கேட்டாளா தெரியவில்லை. அந்த மேட்டு ஆட்களை எனக்குத் தெரியும், இருந்தும் பதில் எனக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் ஏறினோம். என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், அங்கே என் ஞானமகளின் தாய் அனா துலியா இருக்கிறாள். நான் தட்டினால் கதவு திறக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜீப் பாதிவரைதான் போகும், அப்புறம் மண்படி. மூங்கில் வீடுகள், தகரக் கூரை, டயர் அடுக்கிக் கட்டின தாங்குசுவர். எங்களைப் பார்த்ததும் ஒரு வீட்டில் ரேடியோ நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது.

தட்டின வீட்டிலெல்லாம் சிரித்த முகம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, டாக்டர். ஒரு குறையும் இல்ல, டாக்டர். மழையா? மழை பெய்யத்தானே செய்யும். தண்ணீர் உள்ளே வருகிறதா என்றால், சேச்சே. அவர்கள் நின்ற இடத்தில் காலுக்குக் கீழே தரை ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. நோரெலிக்குக் கண்ணியமாகப் பேசுகிறவர்களைப் பார்த்து அவ்வளவு பயம் வந்து நான் பார்த்ததில்லை. படியில் இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லென்று இருந்தது.

அனா துலியாவும் முதலில் அதே பாட்டைத்தான் பாடினாள். அரேப்பா என்கிற சோள ரொட்டி சுட்டுப் போட்டாள், வெல்லத் தண்ணீர் கொடுத்தாள், கோழிகள் நன்றாக முட்டை இடுகின்றன என்றாள். நான் அவளை அதட்டினேன். உன் பிள்ளைக்கு நான் ஞானத்தாய், என்கிட்டே நடிக்காதே என்றேன். அவள் கதவைப் பார்த்தாள். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். கதவு அடைக்கவில்லை என்று அடிப்பக்கத்தை வெட்டுக்கத்தியால் சீவியிருந்தாள். ஒரு தடவை சீவினது இல்லை, பழைய சீவலுக்கு மேல் புதிய சீவல், பச்சை மரம் தெரிந்தது. வீடு சாயச் சாய, கதவை வெட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

அலமாரியை வில்மார் நகர்த்தினான். பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை விரிசல். நோரெலி அதற்குள் கையை விட்டாள், மணிக்கட்டு வரைக்கும் போனது. வெளியே எடுத்து, கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன் போன் பண்ணல, தோன்யா? காசு கிடையாதே அதுக்கு. நம்பர் சுவத்துல எல்லாம் ஒட்டியிருக்கமே."

அனா துலியா அவளை ஒரு குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"போன் பண்ணா முதல்ல என்ன கேப்பீங்க?"

"பேரு, முகவரி."

"எங்களுக்குப் பட்டா கிடையாது, டாக்டர். முகவரி குடுத்தா அளக்கறதுக்கு ஆள் வரும். அளந்துட்டா இடிக்கறதுக்கு ஆள் வரும். கீழ்ப்பேட்டையில ஒருத்தி தெருவிளக்குக்காகக் கூப்பிட்டா. விளக்கு வந்துச்சு. அடுத்த மாசம் வீடு போச்சு. அதுக்கப்புறம் இங்க யாரும் யாரையும் கூப்பிட விடறதில்ல. வீடு போற பயத்துக்கு மண்ணு சரியற பயம் தேவல."

நோரெலி எழுந்து வெளியே போய், வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிவிட்டேன். 

அங்கே நின்றபடியே மேயருக்குப் போன் செய்தாள். மேயர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பதறினார், விசாரித்தார். அப்புறம், செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாக என்ஜினியர்களோடு தானே ஏறுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை விருந்தாளிகள் வருகிற நேரத்தில் வேண்டாம். ஒரே ஒரு நாள். ஏனென்றால் சரிவு ஒன்றுக்குச் சிவப்பு விழுந்தால், அன்றைக்கே அங்கே உள்ளவர்களை முழுக்க வெளியேற்ற வேண்டும். விதி அப்படி, அதையும் எழுதினது நோரெலிதான். கவர்னர் ஆட்கள் முன்னால் ஒரு மேட்டையே காலி செய்வது என்றால் மாகாணம் சிரிக்கும். இத்தனை வருஷ உழைப்பு, உன் உழைப்பு, யோசித்துக்கொள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் மழை. பூசைக்குப் போய் வந்து, பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். புருஷனும் பெண்டாட்டியும் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கூரையில் மழை வலுத்தால் இருவரும் மேலே பார்ப்பார்கள், குறைந்தால் மூச்சு விடுவார்கள். சூப்பு ஆறியது.

"நாளைக்குச் சொல்லிடப் போறேன்," என்றாள் நோரெலி.

வில்மார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை.

"சொல்லு. சொல்லத்தான் வேணும். ஆனா சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. வாய்க்காலுக்கு மேஸ்திரி யாரு? எச்செவெரி முதல்ல என் கழுத்தைத்தான் பிடிப்பான். ஆளுங்களுக்கு மண்வெட்டி குடுத்தும் மண்ணை அள்ளலன்னு சொல்வான். ஆள் செத்தா ஜெயிலு."

"நடக்க வேண்டாம்னதுக்கு நான்தானே தலையாட்டினேன். அதையும் சொல்வேன்."

"நீ சொல்வ. உன் பேச்சைக் கேட்டுக்குவாங்க, உனக்குக் காப்பி குடுப்பாங்க. என்னைக் கேக்க மாட்டாங்க."

"அப்ப சொல்ல வேண்டாங்கிறியா?"

அவன் பிய்த்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். அப்புறம், "எனக்குப் பயமா இருக்கு, நோரெ. அவ்வளவுதான் சொல்றேன். சொல்லாதேன்னு சொல்லல," என்றான்.

அவள் எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், மழையை நிறுத்து என்று. அவளுக்குக் காது கேட்கவில்லை.

திங்கட்கிழமை நோரெலி நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கவர்னர் அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மாளும் அவளுக்கு உதவியாக இரண்டு பேரும் வந்திருந்தார்கள். திரை முழுக்கப் பச்சை. இரண்டே இடத்தில் மஞ்சள், அதுவும் நம்பும்படி இருக்கட்டும் என்று விட்டுவைத்த மாதிரி. நான் ஊற்றிக்கொண்டே போனேன். மேயர் நன்றாகப் பேசினார். எப்படிப் புகார்கள் பாதியாகக் குறைந்தன என்று சொன்னார். கண்ணாடி அம்மாள் திரையைப் பார்த்து, அந்தக் கரும்பச்சை எந்தப் பேட்டை, அவ்வளவு நன்றாக என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கேட்க வேறு இடமா இல்லை!

மேயர் நோரெலியைப் பார்த்தார். அவர் கண் கெஞ்சியது. நான் ஒருத்திதான் அதைப் பார்த்தேனோ என்னவோ.

நோரெலி எழுந்து நின்றாள். அந்த அறையில் எழுந்து நிற்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். விருந்தாளிகளுக்கு மட்டும் தெரியாது.

"அது துராஸ்னோ மேடு," என்றாள்.  "அங்க ஒண்ணும் செய்யல. அதனாலதான் பச்சையா இருக்கு. அங்க இருக்கறவங்க பயத்துல கூப்பிடறதில்ல. கூப்பிடாததை நாங்க திருப்தின்னு எடுத்துக்கிட்டோம். வாய்க்கால் மூடிப்போச்சு, மேடு நகருது. நான் சனிக்கிழமை விரிசலுக்குள்ள கைய விட்டுப் பார்த்தேன். அந்த இடம் சிவப்பு. இப்பவே, இன்னிக்கே காலி பண்ணணும்."

 எச்செவெரிதான் முதலில் வாயைத் திறந்தார். வாய்க்கால் மேஸ்திரி கவனக்குறைவாக இருந்திருந்தால் தன் துறை நடவடிக்கை எடுக்கும் என்றார். மேஸ்திரி யாருடைய புருஷன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே போதுமாக இருந்தது.

"மேஸ்திரிய நடக்க விடாம பண்ணது என் கணக்கு," என்றாள். "சிவப்பு எனக்கு. நான் நிக்கறேன்."

கண்ணாடி அம்மாள் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"தெரியாது," என்றாள் நோரெலி. "அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்களுக்குத் தெரியாது."

மேயர் முகம் கறுத்துவிட்டது. ஆனால் மூன்று பேர் வெளியாட்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவரால் வேறென்ன செய்ய முடியும்? வெளியேற்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேசையில் வைத்த வேகத்தில் கோப்பை ஒன்று கவிழ்ந்தது. நான் துடைத்தேன்.

மத்தியானம் லாரிகள் மேட்டடிக்குப் போய் நின்றன. ஒருவர்கூட இறங்கி வரவில்லை. போலீஸ்காரர்களைப் பார்த்ததும் திறந்திருந்த கதவுகளும் அடைத்துக்கொண்டன. இடிக்கத்தான் வந்திருக்கிறார்கள், மண்சரிவு என்பது சாக்கு என்று கத்தினார்கள். ஒரு கிழவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சவப்பெட்டியில் வைத்துத்தான் என்னைத் தூக்க வேண்டும் என்றார். மழை ஊசி ஊசியாக விழுந்தது. நோரெலி நீலக் கோட்டோடு அந்த மண்படியில் வழுக்கி விழுந்து எழுந்து, போலீஸ்காரர்களைக் கீழே போகச் சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போனாள். பேர் கேட்க மாட்டோம், முகவரி எழுத மாட்டோம், யார் வீட்டையும் யாரும் அளக்க மாட்டார்கள், இது என் வாக்கு என்றாள். அப்படி வாக்குக் கொடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. எனக்குத் தெரியும், வில்மாருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டி, ஆமாம் ஆமாம் என்றோம்.

அனா துலியாதான் முதலில் வெளியே வந்தாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவளைப் பார்த்து அடுத்த வீடு. வில்மாரின் ஆட்கள் கட்டிலையும் காஸ் சிலிண்டரையும் முதுகில் சுமந்தார்கள். கிழவரை நாற்காலியோடு தூக்கினார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். இருட்டுவதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில். ஈரப் பாய், அழுகிற பிள்ளைகள், ஒரு பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கு சூப். நான் அதைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களில் பாதிப்பேர் நோரெலியை முறைத்துவிட்டுத் தட்டை நீட்டினார்கள். மேடு விழாமல் போனால் என்ன ஆகும் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. விழுந்தால் என்ன ஆகும் என்பதும்.

செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தது. மேயர் ஒப்புக்கொண்ட நேரம் இன்னும் வரவில்லை. அவர் வீட்டில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார் என்று டிரைவர் சொன்னான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ரொட்டி பங்கிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் சத்தம் இல்லை, தரைதான் ஒரு தரம் குலுங்கியது. அப்புறம் லாரி லாரியாகக் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். யாரும் கத்தவில்லை. சன்னலுக்கு ஓடினோம். மேடு இருந்த இடத்தில் சிவப்பு மண், அதில் ஒரு தகரம் மெல்லப் புரண்டு புரண்டு வந்தது. அனா துலியா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என் கோழிங்க, என் கோழிங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவர் அப்போதுதான் திட்டுவதை நிறுத்தினார். ஒரு உயிர்கூடப் போகவில்லை. நோரெலி பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

இதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. சாயங்காலமே தொலைக்காட்சியில் மேயர். எங்கள் கணக்கு முறைதான் மக்களைக் காப்பாற்றியது என்றார். எச்செவெரி பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்த வாரக் கடைசியில் வில்மாரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வாய்க்காலைப் பராமரிக்காததற்கு விசாரணை. நோரெலி எழுதிக் கொடுத்தாள், நேரில் போய்ச் சொன்னாள், தன்னைத்தான் விசாரிக்க வேண்டும் என்றாள். டாக்டர், நீங்கள் மண்வெட்டி பிடிக்கிறவரா என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

அடுத்த திங்கட்கிழமை நான் காப்பியோடு போனபோது திரையைப் பார்த்தேன். துராஸ்னோ மேடு மறுபடி பச்சை. ஆள் இல்லாத இடத்திலிருந்து யார் கூப்பிடுவார்கள்? அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டுதான் மேயர், நோரெலிக்கு மாகாண நியமனம் வந்துவிட்டதாக அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நோரெலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகமாட்டேன் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். இந்தக் கணக்கை நான் மறுபடி தொடமாட்டேன், புகார்ப் பிரிவுக்கே திரும்பிப் போகிறேன் என்றாள். வில்மார் ஏப்ரன் கட்டிக்கொண்டு அரேப்பாவைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தான்; வேலை இல்லாத அந்த நாட்களில் சமையல் முழுக்க அவன்தான்.

"ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அடுப்பை யாரு பத்தவைக்கறது?" என்றான். "அது மட்டும் இல்ல. நீ போகலன்னா எச்செவெரி போவான். அவனுக்குப் பச்சையப் பாத்தா தூக்கம் நல்லா வரும்."

போனாள். கவர்னர் மாளிகை, மேயர் அலுவலகச் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம்தான், நடந்தே போய்விடலாம். ஒரு வாரம் கழிந்து சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் சமையலறையில் இருந்தேன். சன்னலுக்கு வெளியே மழை. புது அலுவலகத்தில் அவளுக்கு மாகாண வரைபடத்தைக் காட்டினார்களாம். மலையூர்கள், ஆற்றோர ஊர்கள், எல்லாம் எங்கள் முறையை ஏற்கெனவே காப்பியடித்துவிட்டார்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை பச்சை. அவள் தட்டைத் தொடவில்லை. பெரிய டாக்டர், தனி அறை, தனிக் கார், ஆனால் முகம் ஜுரக்காரி மாதிரி.

சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு ஊராட்சிக்குப் போன் போட்டாள். போனை மேசையில் வைத்து, எங்களுக்கும் கேட்கும்படி செய்தாள். தொலைதூரத்து ஆற்றோர ஊர் ஒன்று, பெயரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. எடுத்தவன் சின்னப் பையன் போலிருந்தது. மாகாணத் தலைவியே கூப்பிட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் பச்சை, டாக்டர், எல்லா இலக்கும் முடிஞ்சுது, டாக்டர் என்றான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் நோரெலி. "உங்க ஊர்ல புகாரே வராத இடம்னு ஏதாவது இருக்கா?"

"இருக்கே, டாக்டர். ஆத்துத் திட்டுன்னு சொல்வோம். மூணு வருஷமா ஒரு போன்கூட வரல. எங்க ஊர்லயே முதல் இடம் அதுக்குத்தான். பரிசு குடுக்கலாம்னு இருக்கோம்."

வில்மார் அடுப்பை அணைத்தான். நோரெலி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இப்ப மழை பெய்யுதா?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து விடவே இல்ல, டாக்டர்," என்றான் அவன், சந்தோஷமாகவே.